நிகரான எதிராளி

மல்யுத்தக் களத்தில் எடை பார்த்தே வீரர்களை இறக்குகிறார்கள். வலியவரையும் மெலியவரையும் மோதவிட்டால் அது விளையாட்டாகாது. இன்று இணையத்தின் வழியே ஆடும் ஆட்டங்கள் பலவற்றில் எதிராளியைத் தேர்ந்து தருவது கணிப்பொறி. அது நடுவுநிலை தவறுகிறது என்று தோற்றவர் பலர் குறைகூறுகின்றனர். குற்றம் சாட்டுவோர் சான்று காட்ட வேண்டாமா? அச்சான்றைத் தேடும் வழியைக் காண்போம்.

ஆட்டத் திறனை எண்ணால் அளக்கும் புகழ்பெற்ற முறையை வகுத்தவர் ஆர்பாத் எலோ. அங்கேரியில் பிறந்து, அமெரிக்காவில் பௌதிகப் பேராசிரியராக விளங்கியவர் அவர். அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பு 1960-லும், உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970-லும் அம்முறையை ஏற்றன. இருவர் புள்ளிகள் சமமாயின் வாய்ப்பும் சமம். 200 புள்ளி மிகுந்தவர், சமநிலையை அரை வெற்றியாகக் கொண்டால், நூறு ஆட்டங்களில் சுமார் 76 வெற்றி பெறுவார். 400 மிகுந்தவர் சுமார் 91 பெறுவார். எதிர்பார்த்ததற்கு மேல் வென்றால் புள்ளி ஏறும், குறைந்தால் இறங்கும்.

தொடர்ந்து ஐந்து முறை தோற்றவுடன் "இது சூழ்ச்சி" என்று மனம் கொதிக்கிறது. ஆனால், ஒரு நாணயத்தை நூறு முறை சுண்டினால், பூ எங்கேனும் ஐந்து முறை தொடர்ந்து விழுவதற்கு நூற்றுக்குச் சுமார் 81 பங்கு வாய்ப்புண்டு. எனவே சில ஆட்டங்களை மட்டும் கொண்டு தீர்ப்புக் கூறலாகாது.

நிற்க. வெற்றி விகிதம் 50 என்பதனாலேயே எல்லாம் நியாயம் எனக் கொள்ளலாமா? கூடாது. மிக வலியவரை ஒரு முறையும், மிக மெலியவரை மறுமுறையும் எதிரே நிறுத்தினாலும் 50 கிடைக்கும். ஆயினும் அவற்றுள் ஒன்றேனும் சமமான ஆட்டமாகாது.

ஆதலால், ஒவ்வோர் ஆட்டத்திலும் இருவர் புள்ளிகளின் வேறுபாட்டைக் குறித்து வாருங்கள். 200 அளவு வேறுபட்ட ஆட்டங்களைத் தனியே திரட்டி, வலியவரின் வெற்றி 76-ஐ ஒட்டியிருக்கிறதா எனப் பாருங்கள். பொருந்தினால் அளவுகோல் செம்மையானது. அடுத்து, பெரிய வேறுபாடுள்ள ஆட்டங்கள் எத்தனை என எண்ணுங்கள். அவை மிகுமாயின், குறை அளவுகோலில் அன்று. இணை சேர்ப்பதில் உள்ளது. அப்போதும் சூழ்ச்சி என விரைந்து முடிவு செய்யாதீர்கள். ஆடுவோர் குறைந்த வேளையில் நிகரானவர் கிடைப்பது அரிதாகலாம்.

ஐயம் முற்றிலும் ஆதாரமற்றது என்றும் சொல்வதற்கில்லை. ஆட்டத்துக்குள் பொருள் வாங்கத் தூண்டும் வகையில் எதிராளியைச் சேர்க்கும் முறைக்கு, ஆக்டிவிஷன் நிறுவனம் 2017-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. அதை எந்த ஆட்டத்திலும் பயன்படுத்தவில்லை என்றும் அது அறிவித்தது. சில ஆட்டங்கள் தம் கணக்கிடும் புள்ளிகளை வெளியிடுவதே இல்லை. மறைத்த தராசின் முள்ளை எவ்வாறு சோதிப்பது?

ஆகவே இளைஞர்களே, குறை கூறுமுன் கணக்கெடுங்கள். கணக்கெடுக்க இடந்தராதவரிடம் கணக்கைக் கேளுங்கள். விளையாட்டில் பழகிய இந்த வழக்கம் வாழ்விலும் உங்களுக்குத் துணை நிற்கும்.