வரப்போகும் காரின் விலையை ஊகித்தல்



1934ஆம் ஆண்டில் தொடங்கிய மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம், நுவரெலியாவின் சித்திரை வசந்தகாலத்துப் பழைய அடையாளங்களுள் ஒன்று. அந்நாட்களில் கிரகரி வாவிக் கரையிலே கூடும் இளைஞர், யப்பானில் அறிவிக்கப்பட்ட புதிய ஸ்போர்ட்ஸ் கார் இங்கு வந்தால் என்ன விலையாகும் என்று வாதிடுவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். போட்டிக் கார் ஒன்றின் விலையை எடுத்து, யென்னை ரூபாயாக மாற்றி, அதன்மேல் வரியென்று சிறிது கூட்டிவிடுகின்றனர். பிற நாடுகளில் இவ்வழி ஓரளவு பயன்படலாம். நம் நாட்டிற்கு இது பொருந்தாது.

மாஸ்டா ரோட்ஸ்டர், டொயோட்டா ஜீ.ஆர். 86 என்னும் இரு கார்களைப் பாருங்கள். யப்பானில் இரண்டும் அண்மைக்காலத்தில் ஏறக்குறைய 30 இலட்சம் யென் அளவிலேயே தொடங்கின. முன்னதன் இயந்திரக் கொள்ளளவு 1496 கன சென்ரிமீற்றர்; பின்னதனுடையதோ 2387. இலங்கையின் உற்பத்தி வரி, காரின் விலையைப் பார்த்தன்று, இந்தக் கொள்ளளவைப் பார்த்தே கணிக்கப்படுகிறது. கொள்ளளவு ஏற ஏற, ஒவ்வொரு கன சென்ரிமீற்றருக்கும் உரிய ரூபாய் வீதமும் ஏறும். ஆகவே அங்கே தோளோடு தோள் நின்ற இரண்டும் இங்கே வந்திறங்கும்போது, பெரிய இயந்திரத்தின் வரி சிறியதன் வரியைப் போல் இருமடங்கையும் கடந்துவிடுகிறது. யப்பானில் விலையைப் பத்திலொரு பங்கு குறைத்தாலும் இவ்வரி ஒரு சதமும் குறையாது!

இதனோடு முடிந்ததா? இல்லை. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டபோது, 20 வீதச் சுங்கத் தீர்வையும், அத்தீர்வையின் பாதியளவு மேலதிகத் தீர்வையும் விதிக்கப்பட்டன. 50 இலட்சம் ரூபாயைத் தாண்டிய பெற்றோல் காருக்கு, தாண்டிய பகுதியின்மேல் சொகுசு வரி உண்டு. 18 வீதச் சேர் பெறுமதி வரியோ, முன்னைய தீர்வைகளையும் சேர்த்த தொகையின்மேல் விழுவது. வரிக்கும் வரி என்று சொல்லலாம். நாணய மாற்றை மறந்துவிடலாகாது. 2022இன் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த டொலர், அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபாயை எட்டிற்று. பழைய போட்டிக் காரின் விலையை அளவுகோலாகக் கொண்டோர் அன்று என்ன செய்திருக்க முடியும்?

2020 மார்ச்சில் இறக்குமதி நிறுத்தப்பட்டதற்கு அந்நியச் செலாவணியைக் காப்பதே காரணம். அந்தச் செலாவணியை ஈட்டுவதில் நம் மலைகளுக்கும் பங்குண்டு. 2024இல் இலங்கைத் தேயிலை ஏறக்குறைய 140 கோடி டொலர் ஈட்டியது. கிலோவுக்குச் சராசரி சுமார் 6 டொலர். என் மாணவர் சிலரிடம் இதனையே கணக்காகக் கொடுத்தேன். 30 இலட்சம் யென் காருக்கு ஏறக்குறைய 20,000 டொலர் வெளியே செல்லும். அதற்குச் சுமார் 3,300 கிலோ தேயிலை வேண்டும். ஒரு கிலோ தேயிலைக்கு நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து. நாளொன்றுக்குப் பதினெட்டுக் கிலோ பறிக்கும் ஒரு தாய்க்கு, இது எண்ணூறு நாட்களுக்கும் மேற்பட்ட வேலை. வரிகள் யாவும் உள்நாட்டு ரூபாயில் செலுத்தப்படுவதால் இக்கணக்கில் அவை சேரவில்லை.