பாடம் முன்பே, பயிற்சி நேரில்

வாணியம்பாடியில் தோல் பதனிடும் தொழிற்சாலைத் தொழிலாளி ஒருவர் கைகளில் அரிப்பும் வெடிப்புமாக வந்தால், களிம்பு எழுதிக் கொடுத்து அனுப்பிவிடலாம். ‘எந்தப் பிரிவில் வேலை? சுண்ணாம்புக் குழியிலா, குரோமிய உப்பு சுழலும் டிரம்மிலா? லீவு நாளில் குறைகிறதா?’ என்று கேட்கும் மருத்துவரே காரணத்தை நெருங்குவார். தோலழற்சியின் வகைகள் பாடநூலில் இருக்கின்றன. எந்த நோயாளியிடம் எதைக் கேட்பது என்பதோ, மூத்தவர் பக்கத்தில் நின்று திருத்தும்போதுதான் கைவரும். அப்படியிருக்க, பி.ஜி. (முதுநிலை) மருத்துவர்களுக்குப் பேராசிரியரோடு கிடைக்கும் சொற்ப நேரத்தை ஸ்லைடு வாசிப்பில் செலவிடுவது வீண். பாடத்தை முன்கூட்டியே காணொளியாகவோ குறிப்பாகவோ கொடுத்துவிட்டு, சந்திக்கும் நேரத்தை நோயாளியைப் பற்றிய விவாதத்துக்கு ஒதுக்கும் ‘தலைகீழ் வகுப்பு’ முறை இங்கேதான் பொருந்துகிறது.

இதன் சாயலை வேலூரிலேயே பார்க்கலாம். கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) தொலைநிலைக் கல்வித் துறை நடத்தும் குடும்ப மருத்துவப் பட்டயப் படிப்பில், மருத்துவர்கள் தங்கள் ஊரில் வேலை பார்த்தபடியே பாடத் தொகுப்புகளைப் படிக்கிறார்கள். நேர்முக வகுப்புகளில் பயிற்சி பெறுகிறார்கள். ‘ரெஃபர் லெஸ், ரிசால்வ் மோர்’ என்பது அதன் முழக்கம்: பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதைக் குறைத்து, உள்ளூரிலேயே தீர்த்து வை. இதில் படிப்பவர்கள் வார்டு டூட்டி பார்க்கும் பி.ஜி. மருத்துவர்கள் அல்லர் என்பது உண்மைதான். ஆனாலும் தகவலைத் தனியே படித்துக்கொள்ள முடியும், முடிவெடுக்கும் திறனுக்குத்தான் ஆசிரியர் வேண்டும் என்ற அடிப்படை இரு தரப்புக்கும் பொது.

‘36 மணி நேரம் டூட்டி பார்ப்பவர் எப்போது காணொளி பார்ப்பார்?’ என்பது நியாயமான ஆட்சேபம். டூட்டிக்கு மேல் படிப்பையும் ஏற்றினால் அது சீர்திருத்தமல்ல, கூடுதல் சுமை. முன்தயாரிப்புக்கான நேரம் டூட்டி அட்டவணையிலேயே இடம்பெற வேண்டும். பாடமும் ஒரே மூச்சில் முடிக்கும்படி சிறிதாக இருக்க வேண்டும். ‘படிக்காமல் வந்து உட்காருவார்கள்’ என்பது அடுத்த சந்தேகம். ஹியூ, லோ ஆகிய ஆய்வாளர்கள் மருத்துவம் சார்ந்த படிப்புகளில் நடந்த 28 ஒப்பீட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியிட்டனர். வழக்கமான வகுப்பைவிட இம்முறையில் கற்றல் மேம்பட்டது. வகுப்பின் தொடக்கத்தில் சிறு வினாத்தேர்வு வைத்த இடங்களில் பலன் இன்னும் கூடியது. முன்னேற்றம் மிதமானதுதான், அற்புதம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். தேர்வு மதிப்பெண் கூடுவதும் சிகிச்சை மேம்படுவதும் ஒன்றல்ல என்பதையும் மறக்கக் கூடாது. அதனால்தான் மிச்சமாகும் நேரம் இன்னொரு விரிவுரைக்குப் போகாமல், நோயாளியின் படுக்கையருகே செலவாக வேண்டும்.

பி.ஜி. மருத்துவர்கள் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் பணியாற்ற வேண்டும் என்ற விதி இப்போது இருக்கிறது. கல்லூரி வகுப்பறையை விட்டு விலகும் அந்தக் காலத்துக்கு இம்முறை நன்றாகவே உதவும். தோல் தொழிலாளியின் கை, மூச்சு, முதுகு பற்றிய அடிப்படைப் பாடத்தைக் கல்லூரி முன்பே அனுப்பட்டும். அன்றன்று பார்த்த நோயாளியை வைத்து மூத்த மருத்துவர் கேள்வி கேட்கட்டும். இதற்குப் புதிய கட்டடம் வேண்டாம். வாரத்தில் ஒரு மணி நேரம், எந்த அழைப்பும் குறுக்கிடாதபடி பயிற்சிக்கென ஒதுக்கும் நிர்வாக உத்தரவு ஒன்று போதும்.