தையல் போட்ட காயமும் மெடிக்கல் ஷாப் மாத்திரையும்

அறுவைசிகிச்சைக் காயத்தில் சீழ் பிடிப்பது பெரும்பாலும் வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியவருகிறது. சிசேரியன் ஆன தாய் சில நாள்களில் வீடு திரும்பிவிடுகிறார். தொற்று 30 நாள்கள் வரை தலைகாட்டலாம். தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். அத்தனை தையல்களையும் காப்பது வீட்டாரின் கைகள்தான். அந்தக் கைகளை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே காயத்தைத் தொட வேண்டும்.

தோலின் விளிம்புகள் ஒட்டிக்கொள்ள ஏறக்குறைய 48 மணி நேரம் ஆகும். அதுவரை கட்டைப் பிரிக்கக் கூடாது. பிறகு, மருத்துவர் அனுமதித்தால், மேலே நீர் ஊற்றிக் குளிக்கலாம். குளத்திலோ தொட்டியிலோ இறங்கக் கூடாது. சுத்தமான பருத்தித் துணியால் ஒற்றியெடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. அடிவயிற்று மடிப்புக்குள் வியர்வை தேங்காமலும், பாவாடை நாடா தையல்மேல் அழுத்தாமலும் பார்த்துக்கொள்வது முக்கியம். மஞ்சளுக்குக் கிருமியை அடக்கும் குணம் உண்டென்று பெரியவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது; ஆனால் அஞ்சறைப்பெட்டி மஞ்சள் கிருமி நீக்கப்பட்டதல்ல. முட்டையும் மீனும் சீழ் வைக்கும் என்று ஒதுக்குவதும் தவறு. சதை கூடப் புரதம் வேண்டும். நீரிழிவு இருந்தால் சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விடக் கவலை தருவது, சீட்டில்லாமல் வாங்கும் ஆன்டிபயாட்டிக். தையலோரம் சிவந்ததும் தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் இரண்டு நாளைக்குக் கேப்சூல் வாங்கிப் போடுகிறார்கள். இவற்றில் பல, மருந்துச்சீட்டைப் பதிவேட்டில் குறித்தே விற்க வேண்டிய எச்1 பட்டியலில் 2014 முதல் உள்ளன. உள்ளே கட்டி நிற்கும் சீழுக்குள் மாத்திரை சரியாகப் போய்ச் சேராது. அதைத் திறந்து வடிக்க வேண்டும். அரைகுறை மருந்தில் காய்ச்சல் மட்டும் தணியும், சீழ் ஆழமாகப் பரவும். பின்னர் சீழைச் சோதித்தாலும் கிருமி வளராமல் போகலாம்; எந்த மருந்து கேட்கும் என்பது தெரியாது. தப்பிப் பிழைத்த கிருமி அடுத்த மருந்துக்கும் அடங்காததாக இருக்கலாம். தொற்றே இல்லாதபோது ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று அறுவைக்குப் பின்னும் தடுப்பு ஆன்டிபயாட்டிக்கை நீட்டிக்க வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2016-இல் தந்த பரிந்துரை.

லேசான அரிப்பும் தையலை ஒட்டிய மெல்லிய சிவப்பும் இயல்பானவை. சிவப்பு பரவுதல், சூடு, வீக்கம், நாளுக்கு நாள் கூடும் வலி, நாற்றமுள்ள கசிவு, 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், தையல் விரிதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே அறுவை செய்த மருத்துவரிடம் போக வேண்டும். ஏற்கெனவே மாத்திரை போட்டிருந்தால் அதன் அட்டையையும் எடுத்துச் சென்று காட்ட வேண்டும்.