நிப்பா கிருமியைக் கண்டவர் எழுதிய கட்டுரைகள்: எத்தனை என்பதா முக்கியம்?

சித்தியவான் பக்கம் ஆற்றோரம் போனால் நிப்பா மரத்தைப் பார்த்திருப்பீங்க. அத்தாப்புக் கூரைக்கு அதன் ஓலையைத்தான் எடுப்பாங்க. ஆனால் மருத்துவ உலகில் நிப்பா என்றால் கிருமி. நெகிரி செம்பிலானில் சுங்கை நிப்பா கிராமத்து நோயாளி ஒருவரிடம் முதலில் பிரித்தெடுக்கப்பட்டதால் வந்த பெயர். நோய் கிளம்பியது என்னவோ நம்ம பேராக்கில்தான். 1998 செப்டம்பரில், ஈப்போவைச் சுற்றியிருந்த பன்றிப் பண்ணைகளில்.

முதலில் அதை ஜேஇ, அதாவது ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே நினைத்தார்கள். கொசுவுக்குப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். சாவு நிற்கவில்லை. ஜேஇ பெரும்பாலும் சின்னப் பிள்ளைகளைத் தாக்கும். இங்கே படுத்தவர்களோ பண்ணையில் வேலை செய்த பெரிய ஆட்கள். தடுப்பூசி போட்டவர்களும் படுத்தார்கள். பன்றிகளும் பலமாக இருமின. இதற்குள் நோயுற்ற பன்றிகள் விற்பனையாகி நெகிரி செம்பிலானுக்கும் போய்விட்டன.

1999 மார்ச்சில் மலாயா பல்கலைக்கழகத்தில் இருந்த டாக்டர் சுவா காவ் பிங், நோயாளியின் தண்டுவட நீரிலிருந்து கிருமியை வளர்த்தெடுத்தார். அதை அமெரிக்காவின் ஃபோர்ட் காலின்ஸ் ஆய்வகத்துக்குத் தானே கொண்டுபோனார். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தெரிந்தது ஜேஇ இல்லை. அம்மை, பொன்னுக்குவீங்கி கிருமிகளின் குடும்பத்தைச் சேர்ந்த புதிய ஒன்று. மலேசியாவில் 265 பேர் பாதிக்கப்பட்டார்கள், 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன.

சரி, ஓர் ஆய்வாளரின் 'தாக்கத்தை' எப்படி அளக்கிறாங்க?

முதல் கணக்கு, மேற்கோள். உங்க கட்டுரையை இன்னொருவர் தன் கட்டுரையில் சுட்டினால் ஒன்று. 1999-இல் 'லான்செட்', 2000-இல் 'சயன்ஸ்' இதழ்களில் வந்த நிப்பா கட்டுரைகள் ஒவ்வொன்றும் மிகப் பல முறை சுட்டப்பட்டவை. அடுத்தது ஹெச்-இண்டெக்ஸ். ஒருவருக்கு 20 என்றால், குறைந்தது 20 முறை சுட்டப்பட்ட கட்டுரைகள் அவரிடம் 20 இருக்கின்றன என்று பொருள். இதில் ஒரு கோளாறு: ஆயிரம் முறை சுட்டப்பட்ட கட்டுரையும் அந்த எண்ணில் ஒன்றாகத்தான் சேரும். 'சயன்ஸ்' கட்டுரைக்கு 22 ஆசிரியர்கள். யார் என்ன செய்தார் என்பதையும் அந்த எண் சொல்லாது.

இன்னொன்று, சுட்டினாலே ஒத்துக்கொண்டதாக ஆகிவிடாது. காடழிப்பும் 1997-98 எல் நினோ வறட்சியும் புகைமூட்டமும்தான் வௌவால்களைப் பண்ணைப் பக்கம் விரட்டின என்று சுவாவும் சகாக்களும் 2002-இல் எழுதினார்கள். பத்து வருஷம் கழித்து வந்த ஓர் ஆய்வு வேற மாதிரி சொன்னது. புகைமூட்டம் வருவதற்கு முன்பே, 1997 தொடக்கத்திலேயே, ஈப்போ பக்கம் நோயாளிகள் இருந்திருக்கிறார்கள். பன்றிக் கொட்டகையை ஒட்டி மாமரங்கள், பழம் தின்ன வரும் வௌவால்கள், நெருக்கமாக அடைத்த பன்றிகள்: இதுதான் வழி என்றது அது. அந்தப் பழைய கட்டுரை இன்றும் சுட்டப்படுகிறது, சிலசமயம் மறுப்பதற்காகவே. இதையும் நான் தாக்கம் என்றுதான் சொல்வேன்.

பழந்தின்னி வௌவாலிடமிருந்து வந்தது என்பதை எப்படிப் பிடித்தார்கள் தெரியுமா? தியோமான் தீவில் மரத்தடியில் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, விழுந்த சிறுநீரைச் சேகரித்தார்கள். வௌவால் பாதி கடித்துப் போட்ட பழத்தையும் விடவில்லை. கிருமி இரண்டிலும் கிடைத்தது. சுவா அதோடு நிற்கவில்லை. தியோமான், மலாக்கா என்று அடுத்தடுத்த கிருமிகள் வந்தன. 2008-இல் வெளியான கட்டுரையில் இருப்பது நம்ம ஊர்ப் பெயர்: கம்பார் வைரஸ்.

2018 மே, கேரளாவின் கோழிக்கோடு. ஒரே குடும்பத்தில் அடுத்தடுத்துக் காய்ச்சல். மாதிரி மணிப்பால் ஆய்வகத்துக்குப் போனது. முதல் நோயாளி இறந்து சுமார் இரண்டு வாரத்தில், இது நிப்பா என்று தெரிந்துவிட்டது. ஈப்போவில் அதற்கு ஆறு மாதம் ஆனது. கோழிக்கோட்டில் எதைத் தேட வேண்டும் என்பது அதற்குள் அச்சில் இருந்தது.