கரண்டுச் சோறும் நாலு பேர் பேச்சும்

நம் வீட்டுச் சாமான்களிலேயே அதிகப் பேச்சு வாங்கியது எது என்று கேட்டால், பலரும் தொலைக்காட்சிப் பெட்டியைத்தான் சொல்வார்கள். நான் சோறு ஆக்கும் ரைஸ் குக்கரைச் சொல்வேன். "கரண்டுல வெந்த சோத்துல சத்து ஏது டீச்சர்?" என்பார் ஒருவர். "தமிழ் தமிழ்ங்கறோம், இதுக்கு ஒரு தமிழ்ப் பேரு உண்டா?" என்பார் அடுத்தவர். "அரசியல் நமக்கு எதுக்கு? சோறு வெந்தா சரி" என்று மூன்றாமவர் முடித்து வைப்பார். கோயில் திருவிழாவிலும், பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போதும் இருபது ஆண்டுகளாக இவற்றைக் கேட்டு வருகிறேன். சொல்பவர்களில் பெரும்பாலோர் ஒரு நாளும் சோறு வடித்தவர்கள் அல்லர் என்பதையும் கவனித்து வருகிறேன்.

வடித்தவர்கள் யார்? பால் வெட்டும் தோட்டங்களில் விடிவதற்கு முன்பே பெரட்டு. அதற்குள் சோறும் குழம்பும் தயாராகி, தூக்குச்சட்டியில் கட்டி, பிள்ளைகளை ஆயாக்கொட்டகையில் விட்டாக வேண்டும். என் அம்மா நான்கு மணிக்கு எழுந்து விடுவார். மழைக்காலத்தில் ரப்பர் விறகு லேசில் பற்றாது. ஊதி ஊதிக் கண் சிவந்துவிடும். அடுப்பை விட்டு இப்படி அப்படி நகர முடியாது. பொங்கினால் மூடியைத் திறக்க வேண்டும், கொதித்தால் விறகை இழுக்க வேண்டும், பிறகு கொதிக்கும் பானையைச் சாய்த்துக் கஞ்சி வடிக்க வேண்டும். அதில் கையைச் சுட்டுக் கொள்ளாத பெண் எங்கள் லயத்தில் இல்லை. அரிசியையும் நீரையும் போட்டு, பொத்தானை அழுத்திவிட்டு, மகளுக்குத் தலை பின்னப் போகலாம் என்பது அவர்களுக்கு எவ்வளவு பெரிய காரியம்! அதை 'சோம்பேறிச் சட்டி' என்று கேலி பேசியவரும் அந்த லயத்தில்தான் இருந்தார்.

ஆனால் சட்டி இருந்தும் பயன்படாத வீடுகள் உண்டு. நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் லயத்துக்குத் தோட்டத்து ஜெனரேட்டர்தான் விளக்குக் கொடுத்தது. பொழுது சாய்ந்தால் எரியும், இரவு பத்து மணிக்கு அணையும். பட்டணத்து மாமா கல்யாணச் சீராகக் கொடுத்த குக்கர், அட்டைப் பெட்டியோடு அலமாரி மேல் உட்கார்ந்திருக்கும். நான்கு மணிக்குச் சோறு ஆக்க நான்கு மணிக்குக் கரண்டு வேண்டுமே! 1990ஆம் ஆண்டில் வந்த தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டம், தோட்ட வீடுகளுக்கு இலவசக் குழாய்த் தண்ணீரும் போதிய மின்சாரமும் கிடைக்கச் செய்வதை முதலாளியின் கடமை என்று வைத்தது. சட்டம் வந்த மறுநாளே எல்லா லயத்திலும் விளக்கு எரிந்துவிடவில்லை. அது வேறு கதை. 'அரசியல் எதுக்கு' என்று கேட்கும் நம் அண்ணனிடம் இதைச் சொன்னால், அவர் பேச்சைப் பந்தாட்டத்துக்கு மாற்றிவிடுவார்.

இனிச் சத்துக்கு வருவோம். மின்சாரத்தில் வெந்ததால் சோற்றில் ஒன்றும் ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. விறகுச் சூடும் கரண்டுச் சூடும் அரிசிக்கு ஒன்றுதான். சத்து போவது வடிக்கும் கஞ்சியோடு. 'பி1' என்னும் வைட்டமின் நீரில் கரையக்கூடியது; வடித்துக் கொட்டினால் அதுவும் சாக்கடைக்குப் போகும். (பள்ளிச் சட்டைக்குக் கஞ்சி போட்ட வீடுகளில் சட்டைக்காவது போயிற்று!) குக்கரில் வடிப்பதே இல்லை. சர்க்கரை நோய் உள்ளவர்கள், வடித்துவிட்டால் எவ்வளவு சோறும் தின்னலாம் என்று நினைப்பதும் சரியல்ல. மாவுச்சத்தில் பெரும்பகுதி பருக்கைக்குள்ளேயேதான் இருக்கிறது.

அந்த பி1 குறைந்தால் வருவது பெரிபெரி நோய். அதன் காரணத்தைக் கண்டறிய உதவிய ஆராய்ச்சிகளில் ஒன்று நம் கோலாலம்பூரிலேயே நடந்தது. 1906இல் மனநல விடுதி ஒன்றில் ஃபிளெட்சர் என்ற மருத்துவர், நோயாளிகளில் ஒரு பாதியினருக்குத் தீட்டிய பச்சரிசியும் மறுபாதியினருக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். பச்சரிசி உண்டவர்களிடையே பெரிபெரி பரவிப் பலர் இறந்தனர். புழுங்கல் உண்டவர்களை அது ஏறக்குறைய அண்டவேயில்லை. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. சுரங்கங்களில் சீனத் தொழிலாளர்களை வாட்டிய அந்நோய், புழுங்கல் உண்ட தமிழர்களிடம் அரிதாக இருந்ததையும் அக்காலத்து மருத்துவர்கள் குறித்திருக்கிறார்கள். ஆகவே குக்கரைக் குறை சொல்பவர்கள், அதில் போடும் வெள்ளை வெளேரென்ற அரிசியை முதலில் பார்க்கட்டும்.

இந்தச் சட்டி ஜப்பானில் 1955இல் விற்பனைக்கு வந்தது. விற்றது தோஷிபா நிறுவனம். செய்து கொடுத்தவர் யோஷிதாதா மினாமி என்ற சிறு தொழிற்சாலைக்காரர். சோறு ஆக்கி ஆக்கி நேரத்தையும் சூட்டையும் அளந்து பார்த்தவர் அவருடைய மனைவி ஃபுமிகோ. பானைக்குள் நீர் இருக்கும்வரை அடியின் சூடு 100 பாகையைத் தாண்டாது. நீர் முழுவதும் அரிசிக்குள் போனதும் சூடு மளமளவென்று ஏறும். அந்த ஏற்றத்தைக் கொண்டு தானே அணையும்படி செய்ததுதான் கெட்டிக்காரத்தனம். இன்று நம் வீடுகளில் உள்ள சாதாரணக் குக்கரின் அடியில் ஒரு காந்தம் இருக்கிறது. நூறுக்குச் சற்று மேலே போனதும் அது பிடியை விட்டுவிடும். 'டக்'கென்று பொத்தான் மேலே வரும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காந்தப் பாடம் நடத்த இதைவிட நல்ல கருவி எனக்குக் கிடைத்ததில்லை.

பெயர் விஷயத்தில் என் மனம் இரண்டு பக்கமும் சாய்கிறது. மலாய்க்காரர்கள் தங்கள் பழைய பானையின் பெயரை வைத்தே 'பெரியுக் நாசி' என்கிறார்கள். குளிர்பெட்டியை அவர்கள் 'பெத்தி செஜுக்' என்கிறபோது, அந்தப் 'பெத்தி' நம் பெட்டிதான்! நம் சொல்லை அவர்கள் வைத்துக்கொண்டிருக்க, நாம் 'பிரிட்ஜ்' என்கிறோம். 'மின்சோற்றுப்பானை' என்று நான் வகுப்பில் எழுதிப் போட்டேன். ஒரு சிறுமி, "எங்க பாட்டி 'கரண்டுச் சட்டி'ன்னு சொல்வாங்க, டீச்சர்" என்றாள். அதையும் அதன் கீழே எழுதினேன். பாட்டியின் சொல் வாய்க்கு எளிதாக இருந்ததோ என்னவோ, பிள்ளைகள் அதைத்தான் பிடித்துக்கொண்டார்கள்.

சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. உள்பானையின் வெளிப்புற ஈரத்தைத் துடைத்த பிறகே சட்டியில் இறக்குங்கள். அடியில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தாலும் பானை சரியாக உட்காராது. சோறு ஒரு பக்கம் தீயும், ஒரு பக்கம் வேகாமல் கிடக்கும். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கம்பியை மேசை ஓரத்தில் தொங்க விடாதீர்கள். வேலைக்குக் கிளம்பும் முன் சுவிட்சை அணைத்துவிட்டுப் போங்கள்.