விருப்பம் வேறு, உந்துதல் வேறு: துருக்கி மொழியோடு ஓர் ஒப்பீடு

மாணவர்களே, அமைதியாக இருக்க வேண்டிய இடத்தில் சிரிப்பு வந்து தவித்திருப்பீங்க. அதைக் கட்டுரையில் ‘நான் சிரிக்க விரும்பினேன்’ என்று எழுதலாமா? பொருளே மாறிடும்!

துருக்கி மொழி இவ்விரண்டையும் தெளிவாகப் பிரிக்கிறது. ‘கியுல்மெக் இஸ்தெதிம்’ என்றால் ‘சிரிக்க விரும்பினேன்’. வினைமுற்றின் இறுதி ‘ம்’ தன்மை விகுதி; எழுவாய் ‘நான்’.

‘கியுலெசிம் கெல்தி’ என்றால் ‘எனக்குச் சிரிக்கணும்போல வந்தது’. கியுல் = சிரி; எசி = உந்துதல்; ம் = என்னுடைய; கெல்தி = வந்தது. இங்கே எழுவாய் ‘நான்’ அல்ல, வந்த உந்துதல்.

நம்ம தமிழும் அப்படித்தான். அவர்கள் உடைமை விகுதி சேர்க்கும் இடத்தில் நாம் நான்காம் வேற்றுமையைப் பயன்படுத்துகிறோம்: ‘எனக்குச் சிரிப்பு வந்தது’.

எழுதும்முன் யோசிங்க: நானாக விரும்பியதா, தானாக வந்ததா? தானாக வந்ததென்றால் ‘எனக்கு’ என்றே தொடங்குங்கள்.