உங்களுக்குத் தெரியுமா? காவிரியின் திமில் மீன்

தலைக்குப் பின்னால் திமில்போல உயர்ந்த முதுகு, ஆரஞ்சு நிறத் துடுப்புகள், 50 கிலோவைத் தாண்டக்கூடிய உடல். காவிரியிலும் அதன் துணையாறுகளிலும் மட்டுமே இயற்கையாக வாழ்வது திமில் மஹ்சீர். கெண்டை இனத்தைச் சேர்ந்த இந்த மீன், பாறைகளுக்கிடையே சீறிப் பாயும் ஆற்றை விரும்புகிறது. தாடையில் பல் கிடையாது. பற்கள் தொண்டைக்குள் இருக்கின்றன! நண்டும் நத்தையும் அங்கேதான் நொறுங்குகின்றன.

1946இல் கபினி ஆற்றில் தூண்டிலில் சிக்கிய ஒரு மீனின் எடை 120 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ. உலகெங்கும் தூண்டில்காரர்களிடையே இத்தனை புகழ் பெற்ற மீனுக்கு முறையான அறிவியல் பெயர் உறுதியானது 2018இல்தான் என்பது வேடிக்கை. கேரளத்தின் பாம்பாற்றில் கிடைத்த மீன்களை வைத்து 2007இல் விவரிக்கப்பட்ட 'டோர் ரெமாதேவி' இனமும் இதுவும் ஒன்றே என்று அப்போதுதான் ஆய்வாளர்கள் காட்டினார்கள். சென்னையில் பணியாற்றிய மீனியல் அறிஞர் ரெமாதேவியைச் சிறப்பிக்க வைத்த பெயர் அது. (பாம்பாறு வேறெங்கும் போகவில்லை, அமராவதியாகி, கரூர் அருகே காவிரியில்தான் சேர்கிறது.)

பெயர் உறுதியான அதே ஆண்டில் இது 'மிக அருகிய இனம்' என்று, அழியும் அபாயத்திலுள்ள உயிரினங்களின் சிவப்புப் பட்டியலில் ஏறியது. அணைகள், மணல் அள்ளுதல், வெடி வைத்து மீன் பிடித்தல் ஆகியவை ஒருபுறம். மீன்வளத்தைப் பெருக்கும் நல்லெண்ணத்தில் காவிரியில் விடப்பட்ட நீலத் துடுப்பு மஹ்சீர் மறுபுறம். இன்று அந்த ஆற்றில் பெருகியிருப்பது வந்து சேர்ந்த உறவினர்தான்.